நாற்சந்தியில் நின்றது யார்?

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டொன்றை வெளியிட்டது. ‘டெல்டா புளூஸ் பாடகர்களின் மன்னன்’ என்பது அதன் பெயர். இரண்டு பக்கங்கள், 16 பாடல்கள், ஒரே குரல், ஒரே கிதார். பாடியவர் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பர் ராபர்ட் ஜான்சன். மன்னன் என்று மகுடம் சூட்டினர், அவர் மண்ணுக்குள் போய் 23 ஆண்டுகள் கழித்து!

டெல்டா என்பது அம்மாநிலத்தின் பருத்திச் சமவெளி. அடிமைத்தளை சட்டத்தில் அறுந்தும் வாழ்வில் அறாத மக்கள் வாழ்ந்த மண். அவர்தம் களைப்பும் கண்ணீரும், காதலும் கேலியும் பெற்றெடுத்த இசையே புளூஸ்.

ஜான்சனைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நள்ளிரவில் நாற்சந்திக்குச் சென்றாராம், சாத்தான் வந்தானாம், கிதாரை வாங்கிச் சுருதி கூட்டித் தந்தானாம், விலையாக ஆன்மாவைப் பெற்றானாம்!

தட்டைத் தொடக்கமுதல் முடிவுவரை கேளுங்கள், தோழர்களே! முதற்பாட்டே நாற்சந்திப் பாட்டு. சாத்தான் வருகிறானா? இல்லை. பேரம் நடக்கிறதா? இல்லை. பொழுது சாய்கிறது, ஒருவன் வழியில் நிற்கிறான், ஏற்றிச் செல்வார் எவருமில்லை, மண்டியிட்டு ஆண்டவனிடம் இரக்கம் கேட்கிறான். கறுப்பன் இருளில் தனித்து அகப்பட்டால் உயிருக்கு உறுதியில்லாத நாடு அது. ஜான்சனுடைய தாயின் கணவரே வெள்ளையர் வெறிக்கும்பலுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர். அங்கே அஞ்சி நடுங்கச் சாத்தான் எதற்கு? மனிதர் போதாரோ!

தொடர்ந்து மோட்டார் வண்டி வருகிறது. மழைக்கால அடுப்படி வருகிறது. இருப்புப்பாதைத் தொழிலாளர் வருகின்றனர். கடைசி இரண்டு பாடல்களில் சாத்தானும் நரக நாயும் வருவது மெய்யே. அங்கும் கிதார் கற்பித்த செய்தி இல்லை. நாற்சந்தியை முதலிலும் நரக நாயை முடிவிலும் வைத்தவரும் அவரல்லர், 1961இல் தொகுத்தவர்கள். அவர் 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டல்லாசிலும் பாடியவை தனித்தனித் தட்டுகளுக்காக.

திறமை எவ்வழி வந்தது? சிறுவன் ஜான்சன் கிதாரைத் தொட்டால் கேட்போர் நிறுத்தச் சொல்வர் என்று மூத்த பாடகர் சன் ஹவுஸ் நினைவுகூர்ந்தார். பின்னர் ஜான்சன் ஊரைவிட்டுப் போனார். ஐக் சிம்மர்மன் என்னும் கறுப்பினக் கலைஞரிடம் பயின்றார். இரவில் இடுகாட்டில் அமர்ந்து பழகினர். அங்கே இடையூறு செய்வார் இல்லை. திரும்பி வந்தவரைக் கண்டு ஊர் வியந்தது. அவ்வளவுதான் அற்புதம்! சாத்தான் பேரமோ, டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய உடன்பிறந்தார் சொன்ன கதை. பெயர் ஒற்றுமையால் இவர்மீதும் ஏறிக்கொண்டது.

1938 ஆகஸ்டில், 27 வயதில், ராபர்ட் ஜான்சன் மாண்டார். இறப்புச் சான்றில் காரணம் எழுதவேண்டிய இடத்தில் ‘மருத்துவர் இல்லை’ என்றே எழுதினர். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் அவரைப் பாடவைக்க எண்ணியிருந்தனர். ஆள் இல்லாமையால் மேடையில் அவர் இசைத்தட்டு பாடியது.

கதைதானே, கெடுதி என்ன என்பார் உண்டு. உழைத்தவன் கூலியைப் பறிப்பது கொள்ளை. அவன் உழைக்கவே இல்லை, சாத்தான் தந்தான் என்பது கொள்ளையிலும் பெருங்கொள்ளை! நாற்சந்தியில் நின்றது சாத்தானல்ல. வீடு சேர வழி தேடிய மனிதன். அவன் விரல்களில் இருந்தது வரமல்ல, உழைப்பு!