அளவு தெரியாத இறுக்கம்

ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிரீட்ரிக் ஃபான் எஸ்மார்க், கை கால்களில் ரத்தம் சிந்தாமல் அறுக்கும் முறையை 1873இல் வெளியிட்டார். விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி ரப்பர் பட்டையை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். உள்ளிருக்கும் ரத்தம் உடலுக்குள் ஏறிவிடும். தொடையிலோ மேற்கையிலோ ஒரு ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் பட்டையை அவிழ்த்தால், வெளிறிப்போன தசையில் நரம்பும் நாளமும் தனித்தனியாகத் தெரியும். இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். பிரான்சின் ழான் லூயி பெத்தி 1718லேயே திருகு வைத்த இறுக்கியைச் செய்துவிட்டார். கட்டுவதற்கு முன் கையை உயர்த்திப் பிடித்து ரத்தத்தை வடியவிடுவது பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் வழக்கம். ஆனால் பெத்தியின் திருகு புதிதாக வரும் ரத்தத்தைத்தான் தடுத்தது. உயர்த்திப் பிடித்தாலும் ரத்தம் முழுதாக வடிவதில்லை. மிச்சத்தைப் பிழிந்து வெளியேற்றியது ரப்பரின் இழுவை. வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைக்கும் பச்சை ரப்பரால் அது ஆகாது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தக் கண்டுபிடித்திருக்காவிட்டால் எஸ்மார்க்கின் முறைக்கு வழியே இல்லை.

அந்த இழுவையே இந்த முறையின் பலவீனமும் என்பது என் கருத்து. ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏற ஏற அழுத்தம் கூடும். எவ்வளவு கூடியது என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. இறுக்கமான கட்டுகள் ரத்தத்தை மறித்துத் தசையைச் சுருங்கவைத்து முடமாக்குவதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான் 1881இல் விவரித்தார். பட்டையைப் பராமரிப்பதும் இதனால் வெறும் துப்புரவு வேலை அல்ல. கழுவி, நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி, இழுக்காமல் சுருட்டி வைத்தால்தான் ரப்பர் நீடிக்கும். எண்ணெயும் வாசலினும் பட்டால் உப்பி இளகும். திரும்பத் திரும்ப நீராவியில் வேகவைத்தால் இழுவை போய்விடும். பழகிய கை அதே எண்ணிக்கையில் சுற்றினாலும் பழைய பட்டை வேறு அழுத்தத்தைத் தரும்.

ஹார்வி குஷிங் 1904இல் காற்றடைத்த பட்டையைக் கொண்டுவந்தபின் அழுத்தத்தை அளக்க முடிந்தது. பிறகு ரப்பர் எதற்கு? காற்றுப்பட்டை ஓட்டத்தை நிறுத்தும், ஆனால் கையைக் காலிசெய்யாது. ஆகஸ்ட் பீர் 1908இல் நாளத்தில் புரோக்கெய்ன் செலுத்திக் கையை மட்டும் மரக்கவைத்தபோதும் முதலில் ரத்தத்தை வெளியேற்ற ரப்பர் பட்டைதான் உதவியது. சீழ் பிடித்த காலிலும் புற்றுக்கட்டி உள்ள கையிலும் பட்டையைச் சுற்றுவதில்லை. பிழிந்தால் கிருமியோ கட்டியின் அணுக்களோ உடலுக்குள் பரவலாம் என்ற அச்சம்தான். அங்கே லிஸ்டரைப் போலச் சில நிமிடம் உயர்த்திப் பிடித்துவிட்டுக் காற்றை ஏற்றுகிறார்கள்.