கொத்தும் உரிமை

கோழி மனிதனை அண்டி வாழத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதன் அன்றாடச் சச்சரவுக்குள் ஒரு நியதி இருப்பதைக் குறித்துவைக்க ஒரு சிறுவனே முன்வர வேண்டியிருந்தது. இன்று ஆஸ்லோ என வழங்கும் நார்வேத் தலைநகரில் 1894-இல் சிற்பிகளின் மகனாகப் பிறந்த தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே, கோடைகாலக் கிராம வாசத்தில் ஒவ்வொரு கோழியையும் அடையாளம் கண்டு, எது எதைக் கொத்தியது, எது எதற்கு வழிவிட்டது என்று இளம் பிராயத்திலேயே எழுதிவந்தார். அந்த அவதானங்களின் விளைவாக 1922-இல் ஜெர்மன் மொழியில் அவர் பிரசுரித்த கட்டுரையே கோழிகளின் சமூக வாழ்வைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம்.

முன்பின் அறியாத இரு பெட்டைகள் சந்தித்தால், ஒரு சண்டையிலோ, வெறும் மிரட்டலிலோ வெற்றி தோல்வி தீர்ந்துவிடும். அதன்பின் வென்றது கொத்தும், தோற்றது ஒதுங்கும். ஆனால் இப்படி உருவாகும் கொத்து வரிசை எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை. முதற்கோழி இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் அடக்க, அந்த மூன்றாவதோ முதற்கோழியையே விரட்டும் முக்கோணங்களும் உண்டு. அரண்மனைச் சரித்திரங்களைப் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இந்த ஆதிக்கத்தைக் கொடுமை என்று மட்டும் கருதுவது பிழை என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான குல், அல்லீ ஆகிய இருவரும் 1944-இல் காட்டினர். உறுப்பினர் மாறாத கூட்டத்தையும், அடிக்கடி ஒரு கோழியை எடுத்து வேறொன்றைப் புகுத்திக் குலைத்த கூட்டத்தையும் ஒப்பிட்டபோது, நிலைத்த கூட்டத்தில் கொத்து குறைவாகவும் தீனியும் முட்டையும் மிகுதியாகவும் இருந்தன. வரிசை உறுதிப்பட்டபின் சண்டைக்குக் காரணமில்லை. புதியவரின் வரவே கலகத்தின் வித்து.

வர்த்தகமோ கொத்தைத் தடுக்க வேறு உபாயங்களைத் தேடியது. அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் கோழியின் கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடிக்கு 1903-இல் காப்புரிமை பெற்றார். பின்னர், இரத்தத்தின் நிறம் தெரியாதிருக்கச் சிவப்புக் கண்ணாடிகள் விற்பனைக்கு வந்தன. 1930-களில் அலகின் நுனியையே வெட்டும் வழக்கம் தோன்றிற்று. தலையிலும் கொண்டையிலும் விழும் ஆதிக்கக் கொத்து வேறு, நெருக்கடியில் இறகைப் பிடுங்கிச் சதையைக் கிழிக்கும் வியாதி வேறு என்னும் விவேகத்துக்குப் பண்ணைகளில் இடமிருக்கவில்லை. நார்வே 1974-இல் அலகு வெட்டுதலைத் தடைசெய்தது.

கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்போருக்குக் கண்ணாடியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். புதுக்கோழியைத் தனியாக விடாமல் துணையோடு கொணர்ந்து, சில நாட்கள் கம்பிவலைக்கு அப்பால் வைத்துப் பழக்குங்கள். தீனித் தொட்டிகளை ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இரண்டாக வையுங்கள். இரத்தம் கசியும் கோழியைப் புண் ஆறும்வரை உடனே பிரித்துவிடுங்கள். காயமின்றி அஞ்சி ஒடுங்கும் கோழியானால், அதைப் பிரிக்காமல், அதனை ஓயாது துரத்தும் கோழியையே சில நாட்கள் அடைத்துவையுங்கள். திரும்பி வரும்போது அது பழைய அதிகாரத்தைப் பெரும்பாலும் இழந்திருக்கும்.