ஏழு பெட்டியில் புதுசு, எட்டாவதில் பழசு

போன மாசம் ஈரோட்டுல இருந்து பெரியப்பா பையன் போன் பண்ணினார்.

"தம்பி, நீ பொட்டி தட்டுற ஆளுதானே? நிஃப்டி ஆப்ஷன்ல நான் கையால பண்றதை சாஃப்ட்வேர் தானா பண்ணணும். ஒரு பையன் பத்து நாள்ல முடிச்சுத் தர்றேங்கறான், நாப்பதாயிரம். குடுக்கலாமா?"

"அந்தப் பையன் உங்ககிட்ட என்னண்ணா கேட்டான்?"

"எப்ப வாங்கணும், எப்ப விக்கணும்னு கேட்டான். வேற என்ன கேக்கணும்?"

வேற என்ன கேக்கணும்ங்கறதுக்கு ஒரு பெரிய கம்பெனி 2012ல பதில் கண்டுபிடிச்சுது. அந்தப் பதிலோட விலை 46 கோடி டாலருக்கு மேல. அண்ணனுக்குப் போன்ல சொன்ன கதையைக் கொஞ்சம் விரிவா இங்க எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவில நியூஜெர்சி மாநிலம், ஜெர்சி சிட்டி. நைட் கேப்பிட்டல்னு ஒரு கம்பெனி. 1995ல ஆரம்பிச்சது. அமெரிக்கப் பங்கு வர்த்தகத்துல சுமார் பத்து சதவீதம் இவங்க கை வழியாப் போச்சு. நம்மளை மாதிரி ஆணி பிடுங்குற கூட்டம் அங்கயும் உண்டு, ஆனா தங்க ஆணி!

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டத்தை ஆரம்பிச்சுது. அதுல கலந்துக்க நைட் தன்னோட ஆர்டர் அனுப்புற மென்பொருளை மாத்தி எழுதினாங்க. அந்த மென்பொருளுக்குள்ள 'பவர் பெக்'னு ஒரு பழைய பகுதி இருந்தது. 2003லயே உபயோகிக்கிறதை நிறுத்தியாச்சு. ஆனா யாரும் அழிக்கலை. (நம்ம ஆபீஸ்ல மட்டும் அழிக்கிறோமாக்கும்!) புது வேலைக்கு ஒரு சுவிட்ச் தேவைப்பட்டப்போ, பவர் பெக்குக்கு வச்சிருந்த அதே சுவிட்சை எடுத்துக்கிட்டாங்க.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. ஆபீஸ் பையன்கிட்ட பத்து டீ வாங்கிட்டு வரச் சொன்னா, அவன் எண்ணிப் பார்த்து பத்தோட நிறுத்துவான். பவர் பெக்குக்கும் அப்படி எண்ணுற வேலை ஒண்ணு இருந்தது. 2005ல அந்த எண்ணுற பகுதியை மென்பொருளுக்குள்ள வேற இடத்துக்கு நகர்த்தினாங்க. பவர் பெக்தான் ஓடலையே, அதை எதுக்குத் திரும்ப சோதிக்கணும்னு விட்டுட்டாங்க. அதாவது, எண்ணத் தெரியாத பையன் ஒருத்தன் ஏழு வருஷமா உள்ளயே தூங்கிட்டிருந்தான்.

ஜூலை 27ல இருந்து புதுக் கோடை ஒவ்வொரு சர்வரா ஏத்தினாங்க. மொத்தம் எட்டு சர்வர். ஏழுல ஏத்தியாச்சு, எட்டாவது விட்டுப் போச்சு. இன்னொருத்தர் சரி பார்க்கணும்னு எழுதி வச்ச விதி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 1 காலை 8:01ல இருந்தே, பவர் பெக் பேரைச் சொல்லி தானியங்கி மின்னஞ்சல்கள் உள்ளுக்குள்ள வர ஆரம்பிச்சுது. சந்தை திறக்கறதுக்குள்ள 97 வந்தாச்சு. அதை எச்சரிக்கையா யாரும் எடுத்துக்கலை.

9:30க்கு சந்தை திறந்தது. எட்டாவது சர்வர்ல அந்தப் பழைய பையன் கண் முழிச்சான். அவன்கிட்ட வந்தது 212 ஆர்டர்தான். அதுக்கு அவன் 45 நிமிஷத்துல 154 கம்பெனிப் பங்குகள்ல 40 லட்சம் பரிவர்த்தனை பண்ணித் தள்ளினான்.

இதுல உச்சகட்டக் கொடுமை என்னன்னா, பிரச்சினை புதுக் கோடுலதான்னு நினைச்சு, நல்லா ஓடிக்கிட்டிருந்த ஏழு சர்வர்ல இருந்தும் புதுசை எடுத்துட்டாங்க. இப்ப எட்டுலயும் பவர் பெக்! அவ்வ்வ்வ்...

வாங்கிக் குவிச்சதெல்லாம் போய் விழுந்த கணக்குக்கு 20 லட்சம் டாலர்னு ஒரு உச்சவரம்பு இருக்கத்தான் செஞ்சுது. ஆனா அந்த வரம்பைத் தாண்டினா ஆர்டரைத் தானா நிறுத்துற இணைப்பு இல்லை. சுவத்துல பிரேக் படம் மாட்டி வச்ச மாதிரி.

நாலஞ்சு நாள்ல வெளி முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் போட்டுக் கம்பெனியைக் காப்பாத்தினாங்க. அடுத்த வருஷம் ஜூலையில கெட்கோங்கற கம்பெனியோட இணைஞ்சு, நைட் தனிக் கம்பெனியா இல்லாமப் போச்சு. 2013 அக்டோபர்ல அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் போட்டுது. அந்த மென்பொருள் கோளாறு பத்தின விவரமெல்லாம் அந்த உத்தரவுலயே இருக்கு.

நான் எழுதின ஒரு பழைய ஸ்கிரிப்டும் இப்படித்தான் ஒரு ராத்திரி தானா எழுந்து, ஒரே மெயிலை வாடிக்கையாளர்களுக்கு மூணு தடவை அனுப்பிச்சுது. மெயில்ங்கறதால மன்னிப்புக் கேட்டுத் தப்பிச்சேன். பணமா இருந்திருந்தா?

நைட்ல புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. எப்ப வாங்கணும், எப்ப விக்கணும்ங்கறதுல அன்னிக்குத் தப்பே நடக்கலை. எப்ப நிறுத்தணும்ங்கறதை மென்பொருளுக்கு யாரும் சொல்லி வைக்கலை, அவ்வளவுதான்.

அதனால அண்ணன்கிட்ட, அந்தப் பையனை மூணே கேள்வி கேக்கச் சொன்னேன். ஒரு நாள்ல இவ்வளவுதான் நஷ்டம்னு வரம்பு வச்சா, மென்பொருள் தானா நிக்குமா? ஆர்டர் போனப்புறம் நெட் போயிட்டா, திரும்பி வந்ததும் அதே ஆர்டரை மறுபடி அனுப்புமா, இல்ல புரோக்கர் கணக்கைப் பார்த்துட்டு அனுப்புமா? ஆறு மாசம் கழிச்சு நீ கிடைக்கலைன்னா இன்னொருத்தன் படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி கோடையும் குறிப்பையும் தருவியா?

மறுநாள் போன் வந்தது. மத்த ரெண்டுக்கும் "பாத்துக்கலாம் சார்"னு சொல்லியிருக்கான். முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: "பயமா இருந்தா லேப்டாப்பை ஆஃப் பண்ணிடுங்க சார்."

லேப்டாப்பை ஆஃப் பண்ணினா மென்பொருள்தான் நிக்கும். வாங்கி வச்சது புரோக்கர் கணக்குல அப்படியே நின்னு நஷ்டத்தைக் காட்டிட்டே இருக்கும்.

தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி ஃப்ரீலான்ஸா இந்த வேலை பண்றா. அவ நம்பரைக் குடுத்தேன். அண்ணன்கிட்ட அவ கேட்ட முதல் கேள்வி: "சார், ஒரு நாளைக்கு எவ்வளவு போனா உங்க வீட்டுல அடுப்பு எரியும்?"

"இவ மூணு மாசம் ஆகும்ங்கறா. ரூபாயும் டபுள் கேக்கறா தம்பி"ன்னு அண்ணன் புலம்பினார்.

எட்டாவது சர்வரைத் திரும்பிப் பார்க்க ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்ணான்னு சொன்னேன். அண்ணன் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கார்.