காருக்குள் வந்த பாட்டும் காவலுக்கு வந்த மணியும்

அகநானூற்றின் நான்காம் பாடலில், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலையக் கூடாதென்று தலைவன் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். ஊர்தியின் ஒலியை எப்போது எழுப்புவது, எப்போது அடக்குவது என்பது நமக்குப் பழைய சிக்கலே. காரில் ஸ்டீரியோ பொருத்தும் தொழிலின் வரலாறும் அச்சிக்கலின் தொடர்ச்சிதான்.

சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிய அதே 1930ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட 'மோட்டரோலா' என்ற பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயருமாயிற்று. அன்றைய வால்வு வானொலிக்கு உயர் மின்னழுத்தம் தேவை. எஞ்சினின் தீப்பொறியோ பாட்டில் இரைச்சலாகக் கலந்தது. 1955இல் கிறைஸ்லரும் பில்கோவும் முழு டிரான்சிஸ்டர் வானொலியைக் கொணர்ந்தபின் பெட்டி சிறுத்தது. 1960களின் இறுதியில் கேசட்டும் காருக்குள் ஏறியது.

நம் நாட்டிலோ, 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி வானொலிப் பெட்டி வைத்திருக்கவே உரிமம் வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தக் கட்டு நீங்கியது. அதற்கு முன்பே, 1977 ஜூலை 23இல், நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கிவிட்டது. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கார் அலங்காரப் பொருள்களுக்கும் ஸ்டீரியோவுக்கும் பெயர்பெற்ற தெருவாயிற்று.

விலைமிக்க பொருள் வந்தால் திருடனும் வருவான். கழற்றி எடுத்துச் செல்லும் முகப்பு, இரகசிய எண், அலாரம் ஆகியவை அதற்கு விடைகளாயின. ஆனால் காவலுக்கு வந்த அலாரத்துக்குத் திருடனையும் எலக்ட்ரீசியனையும் பிரித்தறியத் தெரியாது. சில அலாரங்கள், கதவு திறந்து உள்விளக்கு எரியும்போது பாட்டரி மின்னழுத்தம் சற்றே இறங்குவதைக் கொண்டு ஆளை உணர்பவை. ஸ்டீரியோ தானே மின்சாரம் இழுத்தாலும் அவை அலறக்கூடும். தனி பாட்டரி கொண்ட சைரன், காரின் பாட்டரியைக் கழற்றிய கணமே கத்தத் தொடங்கும்.

ஆகவே இவ்வேலையில் வரிசை முக்கியம். முதலில் பழைய ஸ்டீரியோவின் இரகசிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, கையேட்டின்படி அலாரத்தை ஓய்வு நிலைக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். ஸ்டீரியோவுக்கு நினைவைக் காக்க ஓயாத மின்சாரம் தரும் கம்பி ஒன்று, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பி ஒன்று என இரண்டு வேண்டும். இவற்றை அலாரத்தின் கம்பியிலிருந்து இழுக்கலாகாது. அலாரத்தோடு இணைந்த இம்மொபிலைசர் ஸ்டார்ட்டரையோ பெட்ரோல் பம்பையோ தடுப்பது. அதன் கம்பியை அறுத்தால் பாட்டு வரும், வண்டி நகராது. கம்பியை வெட்டாமல் அந்தந்தக் காருக்கான இணைப்பியைப் பயன்படுத்துவதே நன்று. முடிவில் அலாரத்தை மீண்டும் இயக்கிச் சோதிக்க வேண்டும்.

எங்கள் வெள்ளானூர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் 1998இல் லான்சர் கார் உற்பத்தி தொடங்கியது. இன்றைய கார்களிலோ ஸ்டீரியோவும் பூட்டும் ஒரே மின்னணு வலைப்பின்னலில் பிணைந்து, ஆலையிலிருந்தே வருகின்றன. கம்பியின் நிறம் பார்த்துக் காரின் குணம் சொன்ன தெருவோரக் கைவினைஞருக்கு வேலை குறைகிறது. அவர்களின் அறிவு எந்த நூலிலும் ஏறவில்லை. கருவி செய்த நிறுவனங்களின் பெயர்கள் ஆவணங்களில் நிலைத்துவிட்டன. அதை நம் கார்களில் பாடவைத்தவர்களிடம், அவர்கள் கடைகளை மூடுமுன் கேட்டுப் பதிவு செய்வது நம் கடமை.