குஷ்டம் என்று எழுதப்பட்ட நெசவாளி

எங்க ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர்னு எல்லாருக்கும் தெரியும். இங்குள்ள திருமறைநாதர் கோயிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. சாபத்தால் வாதநோய் கண்ட சனீஸ்வரனுக்கு இங்கேதான் நோய் தீர்ந்தது என்கிறது தலபுராணம். காரணம் தெரியாத நோய்க்குச் சாபம்னு பேர் வைப்பது நம்ம பழக்கம். மருத்துவமும் அப்படித் தவறான பேர் வைத்ததுண்டு.

1874ல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஷுல்ட்ஸ் என்பவர் ஒரு நெசவாளியைப் பற்றி எழுதினார். அவருக்கு 33 வயசு. மூணு மாசக் குழந்தையிலிருந்தே வெயில் பட்டால் தோல் தாங்காது. மண்ணீரல் வீங்கியிருந்தது. சிறுநீர் சிவப்பு ஒயின் நிறத்தில் போனது. ஷுல்ட்ஸ் இதைக் குஷ்டத்தோடு சேர்த்தே பெயரிட்டார். அந்தச் சிறுநீரைச் சோதித்த பௌம்ஸ்டார்க்தான், நிறப்பொருள் உடம்பில் உருவாகும் விதத்திலேயே கோளாறு என்று கருதினார். அவர் சொன்னதுதான் சரி.

ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் உருவாக எட்டு நொதிகள் வரிசையாக வேலை செய்யணும். நாலாவது நொதி குறைந்தால், வேண்டாத போர்ஃபிரின்கள் தோலிலும் பல்லிலும் எலும்பிலும் தேங்கும். வெளிச்சம் பட்டால் தோல் கொப்பளிக்கும். இதுதான் பிறவிப் போர்ஃபைரியா.

போர்ஃபிரின்தான் காரணமா? 1912ல் மேயர்-பெட்ஸ் என்ற மருத்துவர் 200 மில்லிகிராம் ஹிமட்டோபோர்ஃபிரினைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கையும் வீங்கின. அந்த அவதி மாசக்கணக்கில் நீடித்தது.

என்னை அதிகம் பாதித்தவர் மத்தியாஸ் பெட்ரி. இந்த நோயாளியே, ஹான்ஸ் ஃபிஷரின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். ஃபிஷர் ஆராய்ந்த போர்ஃபிரின்கள் பெட்ரியின் உடம்பிலிருந்து வந்தவை. 1925ல் பெட்ரி இறந்தார். ஹீமின், பச்சையம் ஆகியவற்றின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1930ல் ஃபிஷருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. மிக அரிய நோய்தான். ஆனால் பழுதான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் இது வரும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே பெண் கொடுக்கும் நம்ம பக்கம் அந்த வாய்ப்பு கூடுதல்.

குழந்தையின் துணியில் சிவப்புக் கறை, செம்பழுப்புப் பல், வெயில் பட்ட இடத்தில் கொப்புளம், இவை தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புற ஊதா விளக்கில் அந்தச் சிறுநீரும் பல்லும் செந்நிறமாக ஒளிரும். குஷ்டமே இன்று மருந்தில் குணமாகிற நோய். அந்தப் பேரைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் ஒதுக்காதீங்க.