பின்முழங்கால் தசைநாண் அழற்சி

முழங்காலின் பின்பக்கத்தில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் தேய்ந்தோ வீங்கியோ வலி தரும் நிலை. காலை மடக்கினால், மடிப்பின் இருபுறமும் கயிறுபோல் விறைத்து நிற்பவை பின்தொடைத் தசைநாண்கள். வெளிப்புறத்தது கீழ்க்கால் வெளியெலும்பின் தலையிலும், உட்புறத்தவை கீழ்க்கால் உள்ளெலும்பிலும் சேர்கின்றன. மூட்டுக்குப் பின்னால் ஆழத்தில் பாப்லிட்டியஸ் என்ற சிறு தசை உள்ளது. நேராக நீட்டிய முழங்காலை மடக்கத் தொடங்கும்போது மூட்டின் பூட்டைத் திறப்பது இதுவே. சரிவில் இறங்கி ஓடுவோருக்கு இதன் தசைநாண் எளிதில் பாதிக்கப்படும்.

காரணங்கள்: திடீரெனக் கூட்டிய ஓட்டப் பயிற்சி, அடிக்கடி வேகமெடுத்து நிற்கும் ஆட்டங்கள், தசை இறுக்கம்.

அறிகுறிகள்: அழுத்தினால் வலி, காலையில் விறைப்பு, காலை மடக்கும்போது வலி.

சிகிச்சை: வலி தரும் வேலையைக் குறைத்தல், ஐஸ் ஒத்தடம், பிறகு படிப்படியாகத் தசையை வலுவாக்கும் பிசியோதெரபி. பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படாது.

எச்சரிக்கை: பேக்கர் நீர்க்கட்டியும் இதே இடத்தில் வலிக்கும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகவோ சிவந்தோ இருந்தால் ஆழ்சிரை இரத்த உறைவாக இருக்கலாம். தேய்த்துவிடாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.