சென்டர்ஃபீல்ட்: ஒரு பேஸ்பால் பாட்டின் வரலாறு

சென்டர்ஃபீல்ட் என்பது அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஜான் ஃபோகர்ட்டி இயற்றிப் பாடி, 1985-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே பெயருள்ள இசைத்தட்டில் வெளியிட்ட பாட்டு. பேஸ்பாலைப் பற்றிப் பாட்டுகள் பல எழுந்திருப்பினும், ஆட்டக்காரரும் ரசிகரும் ஒருங்கே தமதென்று சுவீகரித்துக்கொண்டவை மிகச் சில. அவற்றுள் இது பிரதானமானது.

பேஸ்பாலில் அடிப்பவனுக்கு வெகுதூரத்தே, புல்வெளியின் கடைக்கோடியில் மூவர் நின்று காவல் புரிவர். அவர்களுள் நடுவில் நிற்பவனது ஸ்தானமே சென்டர்ஃபீல்ட், அதாவது நடுக்களம். மற்ற இருவரைக் காட்டிலும் அவன் ஓடிக் காக்கவேண்டிய நிலப்பரப்பு அதிகம். உயர எழுந்த பந்தை நோக்கி அவனும் இன்னொருவரும் ஒருசேர விரைந்தால், வழிவிட வேண்டியவர் பெரும்பாலும் மற்றவரே. ஆகவே வேகமும் விவேகமும் ஒருங்கே வாய்த்த வீரனுக்கே அந்த இடம் உரியதென்பது அந்நாட்டாரின் மரபான எண்ணம்.

ஃபோகர்ட்டி 1945-ல் கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லியில் பிறந்து, அருகிலுள்ள எல் செரிட்டோவில் வளர்ந்தவர். அவருடைய பால்யத்தில் மேற்குக் கரையில் முதல்தரப் பேஸ்பால் கழகம் ஒன்றுகூட இல்லை. டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ் என்னும் கழகங்கள் நியூயார்க்கை விட்டு அங்கே குடிபெயர்ந்தது 1958-ல்தான். அதுவரையில் அந்தச் சிறுவனுக்கு முதல்தரப் பேஸ்பால் என்பது கண்ணால் கண்ட காட்சியன்று, வீட்டுப் பெரியவர்கள் வியப்போடு சொல்லக் காதால் கேட்ட புராணம்; அதன் திவ்விய க்ஷேத்திரம், நெடுந்தொலைவில் இருந்த யாங்கி மைதானம். அந்த மைதானத்தின் நடுக்களத்தைப் பல்லாண்டு ஆண்ட ஜோ டிமாஜியோ, எல் செரிட்டோவிலிருந்து வளைகுடாவுக்கு அப்பாலுள்ள சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற குழுவின் தலைவராக ஃபோகர்ட்டி பெரும்புகழ் ஈட்டினார். 1972-ல் அக்குழு கலைந்தபின், ஃபேன்டசி என்னும் இசைத்தட்டு நிறுவனத்துடன் மூண்ட ஒப்பந்தத் தகராறு அவரை வாட்டியது. பழைய பாட்டுகளால் தமக்கு வரவேண்டிய வருமானத்தை விட்டுக்கொடுத்தே அவர் அதன் பிடியிலிருந்து விடுதலை பெற்றார். 1975-க்குப் பின் அவருடைய புதிய இசைத்தட்டு எதுவும் வெளிவராமல் ஏறக்குறைய பத்தாண்டுகள் கழிந்தன. இந்த மௌனத்தை அறியாதவர் இப்பாட்டின் பாதியையே கேட்கிறார் என்று சொல்லவேண்டும்.

1984 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பூங்கா மைதானத்தில், தலைசிறந்த வீரர்கள் கூடி ஆடிய நட்சத்திர ஆட்டத்தை, நடுக்களத்துக்குப் பின்னுள்ள மலிவு இருக்கைகளில் அமர்ந்து அவர் பார்த்தார். பாட்டு உருப்பெற அதுவும் ஒரு தூண்டுதலாயிற்று. அவ்வாண்டே இசைத்தட்டு முழுவதையும், எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து அவர் பதிவுசெய்தார்.

கைதட்டலோடும் முரசொலியோடும் தொடங்கும் இப்பாட்டில், ஆட இடம் கிடைக்காமல் ஓரத்துப் பெஞ்சில் காத்திருக்கும் இளைஞன் ஒருவன், தன்னை ஆட்டத்தில் இறக்கும்படி பயிற்சியாளரை வேண்டுகிறான். அவன் பெயர் சொல்லி நினைக்கும் வில்லி மேஸ், டை காப், டிமாஜியோ ஆகிய மூவரும் நடுக்களத்து வீரர்களே. சக் பெர்ரியின் 1956-ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் சாயலும், 1888-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் எர்னஸ்ட் தேயர் எழுதிய கேசி என்ற ஆட்டக்காரனின் கதைப்பாட்டில் வரும் மட்வில் என்னும் கற்பனை ஊரும் இடையில் தலைகாட்டுகின்றன. எனினும் பாட்டின் ஜீவன் அந்த வேண்டுகோளிலேயே இருக்கிறது. அதில் கெஞ்சலின் தாழ்வு இல்லை. ஆயத்தமாகிவிட்டவனின் உற்சாகமே பொங்குகிறது. களத்துக்கு வெளியே நெடுங்காலம் நிறுத்தப்பட்ட ஒரு கலைஞன், தன் துயரத்தைப் புலம்பலாக்காமல் இத்தகைய குதூகலமாக மாற்றியதே இதன் தனிப்பெருமை என்பது என் துணிபு.

இசைத்தட்டு 1985 மார்ச்சில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எய்தியது. தனிப்பாட்டாக இது 44-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் அந்த எண்ணைக்கொண்டு இதன் செல்வாக்கை அளப்பது தவறு. இதனினும் உயர்ந்த இடம் பெற்ற எத்தனையோ பாட்டுகள் மறைந்துபோக, இது ஆண்டுதோறும் வசந்தத்தில் ஆட்டப் பருவம் திறக்கும்போதெல்லாம் பெரிய மைதானங்களிலும் சிறுவர் ஆடும் களங்களிலும் ஒலிபெருக்கிகளின் வழியே மீண்டும் முழங்குகிறது. மேடையில் இதைப் பாடும்போது, பேஸ்பால் மட்டையின் வடிவில் அமைந்த கிதாரை ஃபோகர்ட்டி ஏந்துவது வழக்கமாயிற்று.

2010 ஜூலை 25-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்மண்டபத்தின் சேர்க்கை விழாவிலே இப்பாட்டுக்குச் சிறப்புச் செய்யப்பட்டது. ஃபோகர்ட்டி நேரில் தோன்றிப் பாடினார். அன்று மண்டபத்தில் சேர்க்கப்பெற்ற ஆண்ட்ரே டாசன், மான்ட்ரியல் கழகத்துக்காகப் பல ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவர்.